அணையக் கற்ற அடுப்பு

ரொறன்ரோவின் பழைய வீடுகள் சிலவற்றில், பக்கச் சுவரில் நிலத்தோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கும். "தம்பி, இது பூனை வந்துபோறதுக்கோ?" என்று வீடு வாங்கிய ஓர் அக்கா கேட்டார். நிலக்கரி கொட்டிய வழி அது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துவது என் தொழில் என்பதால், அந்தக் கதவைக் கண்டால் நின்று பார்க்காமல் போகமாட்டேன்.

கரிக் காலத்தில் வீடு குளிர்ந்தால் காரணம் தேடத் திருத்துநர் தேவையில்லை. கரி முடிந்திருக்கும், அல்லது சாம்பல் உருகி இறுகித் தட்டியை அடைத்திருக்கும். விடியமுன் யாராவது எழும்பிச் சாம்பல் தட்டிக் கரி அள்ளிப் போடவேண்டும். 1902இல் பென்சில்வேனியாச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வெட்டிய கரியை நம்பியிருந்த ரொறன்ரோவும் தவித்தது.

1885இல் மினியாபொலிசில் ஆல்பர்ட் பட்ஸ் ஒரு கருவி செய்தார். அறை குளிர்ந்ததும் அது அடுப்பின் காற்றுக் கதவைத் தானே திறந்துவிடும், தீ எழும்பும். ஹனிவெல் நிறுவனத்தின் வேர் அதுதான். இருந்தும் கரி அள்ளும் வேலை மனிதருக்கே மிஞ்சியது. எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கும் ஓர் அமைப்புக்கு ஆலிஸ் பார்க்கர் 1919இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அல்பேர்ட்டா எரிவாயுவைக் கிழக்கே கொண்டுவந்த நெடுங்குழாய் 1958இல்தான் முடிந்தது.

எரிவாயுவோடு பயமும் வந்தது. தீ இல்லாமல் வாயு மட்டும் வந்தால் வீடே வெடிக்கும். அதனால் 'பைலட்' என்ற சிறு சுடரை எந்நேரமும் எரியவிட்டு, அதன் சூட்டில் ஓர் உலோக முனையை வைத்தார்கள். அந்தச் சூடு பிறப்பிக்கும் துளி மின்சாரமே வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்தால் வால்வு மூடும். எவ்வளவு எளிமை! என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் இதைவிட அழகான வேலைப்பாடு கிடையாது. அந்த முனை பழுதானால் பைலட் எரிந்து நிற்காது; மாற்றினால் வீடு சூடாகிவிடும்.

இப்போது காவலர்கள் பெருகிவிட்டார்கள். கனடாவில் 2009இன் கடைசி நாளிலிருந்து தயாரிக்கப்பட்ட வீட்டு எரிவாயு ஃபேர்னஸுக்குக் குறைந்தது 90 சதவீதத் திறன் கட்டாயமானது. இவற்றின் புகை ஆறிப்போய், பக்கச் சுவரிலுள்ள பிளாஸ்டிக் குழாயால் வெளியேறும். அந்தக் குழாயைப் பனி மூடினால் தீ பற்ற அழுத்த சுவிட்ச் சம்மதிக்காது. தீயை உணரும் கம்பியில் படிவு ஏறினால், பற்றிய தீ சில நொடிகளில் அணையும். ஃபில்டர் தூசால் அடைத்தால் உள்ளே சூடு மிஞ்சி, எல்லை சுவிட்ச் பேர்னரை நிறுத்தும். ஆகவே இன்று வீடு குளிர்ந்தால், பலவேளை ஃபேர்னஸ் உடைந்திருக்காது, எரிய மறுத்திருக்கும். இதை விளங்கிக்கொள்ளாமல் பாதுகாப்பு சுவிட்சை வயர் போட்டுக் கடக்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

எங்களைக் கூப்பிட முன்னர் தெர்மோஸ்டாட்டின் பற்றரி, ஃபில்டர், வெளிக்குழாய், ஃபேர்னஸின் கதவு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். எரிவாயு மணம் வந்தால் எதையும் தொடாதீர்கள்; பிள்ளைகளோடு வெளியே போய் நின்று போன் எடுங்கள்.