புல்நுனியில் ஓர் எறும்பு

மாலைக் குளிரில் ஏனைய எறும்புகள் கூடு திரும்பிய பின்னரும், ஓர் எறும்பு மட்டும் புல்லின் மேலேறி, அதன் நுனியைத் தாடைகளாற் கௌவியபடி அசையாது நிற்கின்றது. ஐரோப்பாவின் மேய்ச்சல் நிலங்களிற் காணப்படும் இக்காட்சியின் காரணம் நெடுங்காலம் விளங்காதிருந்தது.

ஆடுமாடுகளின் ஈரலிலே, பித்தக் குழாய்களில் வாழும் ஈட்டி வடிவான சிறு தட்டைப்புழு ஒன்றுண்டு. 1819ஆம் ஆண்டில் ருடோல்பி என்பார் அதனை விவரித்தார். அதன் முட்டைகள் சாணத்தோடு வெளியேறுகின்றன. தரைநத்தை அவற்றை உண்கின்றது. பின்னர் இளம்புழுக்களைச் சளியுருண்டைகளாக வெளித்தள்ளுகின்றது. இவ்வளவும் படிப்படியாகப் புலனாயின. ஆனால் நத்தையை விட்ட புழு மீண்டும் ஆட்டின் வயிற்றை அடைவது எவ்வாறு? சளி படிந்த புல்லை ஆடு மேய்வதனால் என்றனர் சிலர். இலகுவான விடைதான், ஆயினும் பிழையான விடை.

1952இல் அமெரிக்க ஆய்வாளர்களான குருல், மேப்ஸ் இருவரும், இடையில் நிற்பது எறும்பே எனக் காட்டினர். எறும்பு அச்சளியுருண்டையை உண்ணுகின்றது. புழுக்கள் அதன் வயிற்றிலே உறையிட்டுக் காத்திருக்கின்றன. புல்லோடு எறும்பையும் ஆடு மென்று விழுங்கினாலன்றி அவற்றுக்கு வழியில்லை. ஆனால் எந்த எறும்பு தானாக ஆட்டின் வாய்க்குட் போகும்?

1961இல் ஜேர்மனியின் ஹோஹோர்ஸ்ட், கிராஃபே ஆகியோர் இதற்கு விடை கண்டனர். புழுக்களுள் ஒன்று வயிற்றில் தங்காது தலைக்கு ஏறி, உணவுக்குழாயின் கீழுள்ள நரம்புத்திரட்டில் அமர்கின்றது. தாடைகளை ஆளும் இடம் அது! 2018இல் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தார் ஊடுகதிர்ப் படங்களால் இதனை நேரிற் கண்டனர். தலைக்குள் மூன்று புழுக்கள் வரை இருக்கலாம். மூளையைப் பற்றியிருப்பது ஒன்றே. அந்தத் தலைப்புழு ஆட்டினுள் வளரமாட்டாது. வயிற்றிலுள்ளவையே வளரும். இத்தகைய எறும்பை நம் பாடநூல்கள் ‘விருந்து வழங்கி’ என்கின்றன. கலை பயின்ற எனக்கு அச்சொல் சற்றே கசக்கின்றது.

2023இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள், ரொஸ்கில்டே நகருக்கு அருகேயுள்ள காடொன்றில் நூற்றுக்கணக்கான எறும்புகளுக்கு அடையாளமிட்டுக் கவனித்தனர். எறும்பின் பிடியை இறுக்குவதும் தளர்த்துவதும் வெப்பநிலையே எனக் கண்டனர். குளிர்ந்த காலையிலும் மாலையிலும் எறும்பு புல்லைப் பற்றி நிற்கும். ஆடுமாடுகள் மேயும் வேளையும் அதுவே. வெயில் ஏறினால் பிடி தளரும். வெயிலில் வெந்து எறும்பு மாண்டால் புழுவும் மாளுமல்லவா? எனவே எறும்பு கீழிறங்கி, எதுவும் நடவாதது போல் ஏனையவற்றோடு திரிகின்றது. வெயில் தணிந்ததும் மீண்டும் புல்நுனிக்கு ஏறுகின்றது.