பவளத் தொட்டியும் அதன் அடியிலுள்ள இருட்டறையும்

கடற்கரைக்குப் போன நீங்கள் ஒரு வாளிக் கடல் நீரும், அதில் உயிருள்ள ஒரு சிறு மீனும் எடுத்துவந்து வீட்டில் வைத்ததாக எண்ணிக் கொள்ளுங்கள். முதல் நாள் மீன் துள்ளி விளையாடும். இரண்டாம் நாள் நீர் சற்றுக் கலங்கும். மூன்றாம் நாள் காலையில் வீட்டிலுள்ளவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைத் தேடுவார்கள். அந்த மீன் பட்டினியால் சாகவில்லை. நீரில் கரைந்திருந்த பிராணவாயு தீர்ந்து போயிற்று. அதன் கழிவே அதற்கு நஞ்சாயிற்று. கடலில் இவ்விரண்டையும் கவனித்துக்கொள்ள அலையும், பாசியும், கோடானுகோடி நுண்ணுயிர்களும் இருக்கின்றன. வாளியில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு முழு விடை காண சுமார் 140 ஆண்டுகள் பிடித்தன. இன்று 2 மீட்டர் நீளக் கண்ணாடித் தொட்டியில், உயிருள்ள பவளங்களோடு ஒரு பவளப்பாறையையே வீட்டுக் கூடத்தில் வளர்க்கிறவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் மேலே உள்ள வண்ண மீன்களைப் பார்ப்பார்கள். இயற்பியல் ஆசிரியனான எனக்கோ, தொட்டியைத் தாங்கி நிற்கும் மரப்பெட்டியின் கதவைத் திறந்து பார்க்கத்தான் ஆசை. வரலாறு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

கடலுயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்து ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ழான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. 1832-ஆம் ஆண்டில், சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில், ஆர்கோனாட் என்னும் ஓடுடைய கடலுயிரை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். ஆனால் அவருக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, இலண்டன் நகரின் நடுவே பவளத்தை வளர்த்துக் காட்டியவர் ஆன்னா தின் என்ற இன்னொரு பெண்மணி.

1846-இல் டார்க்கே என்ற கடற்கரை ஊருக்குச் சென்ற அவர், அங்கே பாறையிடுக்குகளில் வாழும் சிறு கல் பவளங்களைக் கண்டு மயங்கினார். வழியில் அவை மோதி நசுங்காமலிருக்க, ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சின் மேல் தைத்து, ஜாடியில் கடல் நீருக்குள் வைத்து இலண்டனுக்குக் கொண்டு வந்தார். தினந்தோறும் புதுக் கடல் நீருக்கு எங்கே போவது? அவர் கண்ட வழி நமக்கு மிகவும் பழக்கமானது. திறந்த சன்னலுக்கு எதிரே நின்றுகொண்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அந்த நீரை அரை மணி, முக்கால் மணி நேரம் ஆற்றச் செய்தார். நம் தேநீர்க் கடையில் நாள்தோறும் நடப்பது இதுவேதான். தேநீரில் வெப்பம் வெளியேறுகிறது. இங்கே கரியமிலவாயு வெளியேறிப் பிராணவாயு உள்ளே கரைகிறது. இரண்டிலும் தத்துவம் ஒன்று: காற்றைத் தொடும் பரப்பைப் பெருக்குவது. இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. அறிவியல் வரலாற்றில் பெயர் இல்லாமல் போன எத்தனையோ உதவியாளர்களில் அவளும் ஒருத்தி.

மறு ஆண்டில் அவர் கடற்பாசியையும் நீரில் சேர்த்தார். ஒளியில் பாசி பிராணவாயுவை வெளியிட, ஆற்றும் வேலை குறைந்தது. சிறிது காலத்துக்குப் பின் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் நன்னீரில் இதையே முறையாகச் சோதித்து, 1850-இல் இலண்டன் வேதியியல் கழகத்தில் கட்டுரையாக அளித்தார். அவருடைய தொட்டியில் பொன்மீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, அழுகும் இலைகளைத் தின்னும் நத்தை ஆகிய மூன்றும் இருந்தன. இதற்குச் 'சமநிலைத் தொட்டி' என்று பெயர் வந்தது.

அதன் பிறகு வந்தது ஒரு பித்து. கண்ணாடி மீதிருந்த வரியை இங்கிலாந்து 1845-இல் நீக்கியதால் கண்ணாடி மலிந்திருந்தது. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1854-இல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. விளைவு என்ன தெரியுமா? கூடையும் உளியுமாக மக்கள் கடற்கரைகளில் குவிந்தார்கள். தம் தந்தையின் நூல்களைப் படித்துவிட்டு வந்தவர்களே அந்தப் பாறைக் குட்டைகளைச் சூறையாடி வெறுமையாக்கினார்கள் என்று காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வருத்தத்துடன் எழுதினார். வீட்டுக்கு வந்த உயிர்களும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. நீர் பச்சையாகும், பின் நாறும், பின் தொட்டி பரண் ஏறும்.

ஏன் அப்படி? சமநிலை என்பது அழகான சொல். ஆனால் சிறு தொட்டியில் அது கத்திமுனையில் நிற்கிறது. ஓர் உயிர் இறந்தால் முழு நீரும் கெடும். இதை நன்கு புரிந்துகொண்டவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். இலண்டனில் மீன் தொட்டிகள் விற்ற வணிகரான அவர், பிறகு 1864-இல் ஹாம்பர்க்கிலும், 1871-இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரிய காட்சியகங்களை அமைத்தார். அவர் செய்தது இதுதான்: மக்கள் பார்க்கும் தொட்டிகளுக்குக் கீழே, அவற்றைப் போலப் பல மடங்கு கொள்ளளவுள்ள ஓர் இருட்டு நீர்த்தேக்கத்தைக் கட்டினார். பம்பு இடைவிடாமல் நீரை மேலே ஏற்றியது. அது தொட்டிகள் வழியாக வழிந்து மீண்டும் இருட்டுக்குள் இறங்கியது. ஒரே கடல் நீர் ஆண்டுக்கணக்கில் சுழன்றது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். நீர் மிகுதியாக இருப்பதால் வெப்பநிலை சட்டென மாறாது. நஞ்சும் நீர்த்துப் போகும். ஒளியில்லாத இடத்தில் மிதக்கும் பாசி மடிவதால் பச்சை நீர் தெளியும். இவை லாயிடுக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் அங்கே நடந்து கொண்டிருந்தது. தேக்கத்தின் சுவர்களிலும் குழாய்களிலும் படிந்திருந்த பாக்டீரியாக்கள் மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொண்டிருந்தன. செர்கெய் வினோகிராட்ஸ்கி இத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தது 1890 வாக்கில்தான். காரணம் தெரியாமலே கருவி சரியாக அமைந்துவிடுவது தொழில் நுட்ப வரலாற்றில் புதிதல்ல. நீராவி இயந்திரமும் அப்படித்தான் ஓடத் தொடங்கியது. ஆன்டன் டோர்ன் இத்தாலியின் நேப்பிள்ஸில் 1870-களில் நிறுவிய கடலுயிர் ஆய்வு நிலையத்தின் காட்சியகத்துக்கும் லாயிடே வழிகாட்டினார். நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டதை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

மீன் சரி, வெப்பக் கடலின் பவளம்? அது நெடுங்காலம் கைவரவில்லை. ஆன்னா தின் வளர்த்த பவளம் குளிர்கடலைச் சேர்ந்தது. தன் கொடுக்கிழைகளால் இரையைப் பிடித்து உண்பது. பாறைகளைக் கட்டும் வெப்பக் கடல் பவளமோ தன் திசுக்களுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பங்கை வாடகையாக வாங்கிக் கொள்கிறது. ஆகவே அதற்கு வேண்டியவை மூன்று: கடும் ஒளி, மிகத் தூய நீர், எலும்புக்கூடு கட்டச் சுண்ணாம்பு.

ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவரிடம் பெரிய கருவிகள் இல்லை. சூரிய ஒளி, காற்றுக் குமிழி, கடலிலிருந்து எடுத்த துளைகள் நிறைந்த பாறைத் துண்டுகள் ஆகியவையே. அந்தப் பாறையின் மேற்பரப்பில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் இருந்தன. பிராணவாயு எட்டாத உள்துளைகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும் வேறு பாக்டீரியாக்கள் இருந்தன. பாறையே வடிகட்டி!

சூரியனும் கடலும் பக்கத்தில் இல்லாத ஜெர்மானியர்கள் இதனுடன் கருவிகளைச் சேர்த்தார்கள். ஒன்று நுரைப் பிரிப்பான். அலை அடித்த பின் கரையில் பழுப்பு நுரை ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புரதம் போன்ற கழிவு மூலக்கூறுகளுக்கு நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. ஒரு நீண்ட குழாயில் நுண்குமிழிகளை ஏராளமாகச் செலுத்தினால், அவை கழிவைச் சுமந்து மேலே ஏறி நுரையாகக் கிண்ணத்தில் வழிகின்றன. கழிவு அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே வெளியேறி விடுகிறது.

மற்றொன்று நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது: தெளிந்த சுண்ணாம்பு நீர். அதில் மூச்சை ஊதிப் பால்போல் ஆக்கிக் காட்டாத மாணவர் உண்டா? சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ் 1970-களில் இந்த நீரைத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பவளத்துக்குக் கால்சியம் ஊட்டும் முறையைப் பரப்பினார். வேகமாக ஊற்றினால் காரம் மிகுந்து எல்லாம் சாகும். சொட்டாக விட்டால் பவளம் கல் கட்டும். பெர்லினில் டீட்ரிக் ஸ்ட்யூபர் இவற்றையெல்லாம் இணைத்து, வளர்ப்பதற்கே அரியதாகக் கருதப்பட்ட அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தை வளர்த்தார். ஒடித்த கிளைகளை நண்பர்களுக்குக் கொடுத்தார். முருங்கைக் கொம்பு நட்டதுபோல அவை வேறு தொட்டிகளில் வளர்ந்தன. இதற்குப் 'பெர்லின் முறை' என்று பெயர். கடலில் ஒடிக்காமல் தொட்டியிலேயே பெருக்கும் வழி இப்படித்தான் பிறந்தது. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் என்ற டச்சுக்காரர் அமெரிக்க இதழொன்றில் எழுதிய கட்டுரைகள், வடிகட்டியைத் தொட்டியின் கீழே அலமாரிக்குள் வைக்கும் அமைப்பை அந்நாட்டில் பரப்பின. லாயிடின் நிலவறை மரப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

சரி, கதவைத் திறப்போம். மேலே 200 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள தொட்டி என்று கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 720 லிட்டர். கடல் நீரின் அடர்த்தி நன்னீரைப் போல 1.025 மடங்கு, ஆகவே நீர் மட்டும் 738 கிலோகிராம். முன்கண்ணாடியை நீர் தள்ளும் விசை சுமார் 370 கிலோகிராம் எடைக்குச் சமம். தொட்டியின் அகலத்தைக் கூட்டினால் இந்த விசை மாறாது. உயரத்தை இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். இத்தனை பாரத்தையும் பெட்டி துளியும் சாயாமல் தாங்க வேண்டும். உள்ளேயோ உப்பு ஈரம்: இரும்பு துருப்பிடிக்கும், மட்டமான பலகை ஊதும். மின்கம்பியைச் செருகுமிடத்துக்குக் கீழாகத் தொங்கவிட்டுப் பின் மேலே வளைத்துச் செருகுவார்கள். கம்பி வழியே ஓடிவரும் நீர் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பெட்டிக்குள் லாயிடின் தேக்கத்தின் பேரனாக ஒரு கீழ்த்தொட்டி. நுரைப் பிரிப்பான், வெப்பமூட்டி, பம்பு எல்லாம் அதில்தான். பம்பு மேலே அனுப்புகிற அளவே நீர் வழிந்து கீழே வருவதால் மேல்தொட்டியின் மட்டம் மாறுவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவது கீழ்த்தொட்டியில் மட்டுமே தெரியும். ஆவியாவது நீர்தான், உப்பு அன்று. ஆகவே அங்கே நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும்.

மின்சாரம் நின்றால்? எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக இத்தகைய இரட்டைத் தொட்டியைச் சாதாரண நீரில் அமைத்தேன். இரவில் மின்தடை. பம்பு நின்றதும், மேலேறும் குழாயே வடிகுழாயாக மாறிப் பின்னோக்கி இழுத்தது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இருந்ததோ அவ்வளவு நீரும் கீழே வந்து, கீழ்த்தொட்டி நிரம்பி, காலையில் ஆய்வகம் குளமாக இருந்தது. வடிகுழாய்ப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான்! மேலே சொன்ன அளவுத் தொட்டியில் 1 செ.மீ. மட்டம் என்பது 12 லிட்டர், 5 செ.மீ. இறங்கினால் 60 லிட்டர். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு துளை இட்டால் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும். அத்துளையையும் நத்தையோ பாசியோ அடைக்கக்கூடும் என்பதால் கீழ்த்தொட்டியிலும் காலியிடம் விட்டுவைக்க வேண்டும்.

ஒரு செல்வரின் பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நம் தூத்துக்குடிக் கடலில் நெடுங்காலம் பவளப்பாறைகளை உடைத்துச் சுண்ணாம்புக்காக எரித்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலில் மூழ்கிப்போயின. உடைப்பது நின்ற பின்பு வெப்பம் வந்தது. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி, பவளங்கள் தம் நுண்பாசிகளை இழந்து வெளுத்தன. தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வருகிறார்கள். ஆனால் ஒடித்து நட்ட கிளைகள் அனைத்தும் ஒரே தாயின் பகர்ப்புகள். ஒன்றைக் கொல்லும் வெப்பம் எல்லாவற்றையும் கொல்லக்கூடும். புது வகைகள் பிறக்க, பவளம் முட்டையும் விந்தும் இட வேண்டும். கடலில் அது ஆண்டுக்கு ஓரிரு இரவுகளில், நிலவின் கணக்குப்படி நடப்பது.

இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் ஜேமி கிராக்ஸ் குழுவினர், அந்த வெப்பநிலை, பகலின் நீளம், நிலவொளி ஆகியவற்றை மூடிய தொட்டிகளில் அப்படியே நடித்துக்காட்டிப் பவளங்களை இனப்பெருக்கம் செய்யவைத்து, 2017-இல் அம்முறையை வெளியிட்டனர். லாயிடின் கிரிஸ்டல் பேலஸ் இருந்த குன்று அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. 2019-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அருகிவரும் தூண் பவளம் இவ்வாறே தொட்டியில் முட்டையிட்டது. 2023 ஜூலையில் அதே ஃபுளோரிடாவில் கடல் தாங்கமுடியாத அளவு சூடேறியபோது, கடலடி நாற்றங்கால்களிலிருந்த பவளங்களை அள்ளிவந்து கரையிலுள்ள தொட்டிகளில் வைத்துக் காத்தார்கள்.

நீங்களும் ஒன்று அமைக்க விரும்பினால், மன்னார் வளைகுடாவிலிருந்து பவளம் கொண்டுவர எண்ணாதீர்கள். 2001 முதல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பொன்மீனும் நீர்ச்செடியும் உள்ள நன்னீர்த் தொட்டிக்கும் அதே இருட்டறை பொருந்தும். குழாயில் துளையிட மட்டும் மறந்துவிடாதீர்கள்.