'எது ஈஸி ணா?' - எலெக்டிவ் ஃபார்மை நிரப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

செமஸ்டர் தொடங்கும் நேரம். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்து விழும். 'நாளை மாலைக்குள் எல்லோரும் எலெக்டிவ் தேர்வு செய்யணும்' என்று கீழே ஒரு மெசேஜ். உடனே சீனியருக்கு போன் போகும். 'எது ஈஸி ணா? எந்த சார் மார்க் அள்ளிப் போடுவார்?' இந்த ரெண்டே கேள்விதான். அஞ்சு நிமிஷத்தில் முடிவு எடுத்தாச்சு!

யோசிச்சுப் பாருங்க. மற்ற பேப்பர்களை எல்லாம் சிலபஸ் முடிவு பண்ணிடுது. 'உனக்கு என்ன வேணும்?' என்று காலேஜ் நம்மைக் கேட்கிற இடம் இது ஒண்ணுதான். வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி எடுத்துச் சொல்லவும் ஆள் இருக்காது. அவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எத்தனை வகை இருக்கு?

இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு ரெண்டு வகை. உங்க துறைக்குள்ளேயே ஆழமாகப் படிப்பது புரொஃபஷனல் எலெக்டிவ். வேறு துறை வழங்கும் பாடத்தைப் படிப்பது ஓப்பன் எலெக்டிவ். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளில் புரொஃபஷனல் எலெக்டிவ் பாடங்களை 'வெர்ட்டிகல்' என்ற பெயரில் தொகுத்திருக்காங்க. ஒரே வெர்ட்டிகலில் தொடர்ந்து எடுத்தால், ஒரு பிரிவில் நல்ல பிடிப்பு வரும். தகுதி இருக்கிறவங்க கூடுதலாக 18 கிரெடிட் படித்து ஹானர்ஸ் அல்லது மைனர் டிகிரியும் வாங்கலாம்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி 3-ல் மேஜர், அலைடு பாடங்களோடு எலெக்டிவ் வரும். பகுதி 4-ல் வருவது என்.எம்.இ. எனப்படும் நான் மேஜர் எலெக்டிவ். பி.காம் மாணவர் இதழியல் படிக்கலாம், தமிழ் இலக்கிய மாணவி கம்ப்யூட்டர் அடிப்படைகளைப் படிக்கலாம். பள்ளியில் தமிழே படிக்காதவங்களுக்கு மட்டும் இந்த இடத்தில் அடிப்படைத் தமிழ் வரும்.

மார்க் பயம் நியாயம்தானா?

'புதுசா ஒண்ணு எடுத்து சி.ஜி.பி.ஏ போயிடுச்சுன்னா?' இதுதான் எல்லோருடைய பயமும். ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் 1 கிரெடிட். எலெக்டிவ் பெரும்பாலும் 3 கிரெடிட். ஈஸியான பேப்பரில் 'ஓ' கிரேடு, அதாவது 10 பாயின்ட் கிடைத்திருக்கும். கஷ்டமானதை எடுத்ததால் 'பி பிளஸ்', அதாவது 7 பாயின்ட்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 3 x 3 = 9 பாயின்ட். அந்த செமஸ்டரில் 22 கிரெடிட் இருந்தால், செமஸ்டர் ஜி.பி.ஏ-வில் சுமார் 0.41 குறையும். ஆனால், முழுப் படிப்புக்கும் 160 கிரெடிட் என்று எடுத்தால், சி.ஜி.பி.ஏ-வில் குறைவது சுமார் 0.06 மட்டுமே.

ஒரு எலெக்டிவால் உங்க சி.ஜி.பி.ஏ கவிழ்ந்துவிடாது. ஆனா, கம்பெனிகளின் கட்-ஆஃப் விளிம்பில் நிற்கிறவங்களுக்கு 0.06-ம் பெருசுதான். நீங்க அந்த இடத்தில் இருந்தால், ஈஸியானதை எடுப்பதில் தப்பே இல்லை. மத்தவங்க தாராளமா ரிஸ்க் எடுக்கலாம்.

நான் கேட்டது கிடைக்கலையே?

இதுதான் நிஜமான பிரச்னை. பட்டியலில் பத்து பாடம் இருக்கும். ஆனால், போதுமான மாணவர்கள் சேரணும், பாடம் எடுக்க ஆசிரியர் இருக்கணும். அதனால பல காலேஜ்களில் ரெண்டு, மூணுதான் உண்மையில் நடக்கும். சில இடங்களில் மொத்த கிளாஸுக்கும் ஒரே பாடம்தான், 'எலெக்டிவ்' என்பது பெயரில் மட்டும்தான் இருக்கும்.

இதற்கு ரெண்டு வழி இருக்கு. முதலாவது, கூட்டம் சேர்ப்பது. ஃபார்ம் வருவதற்கு முன்னாடியே அதே பாடத்தில் ஆர்வம் இருக்கிறவங்களைத் திரட்டி, பெயர்ப் பட்டியலோடு துறைத் தலைவரைப் போய்ப் பாருங்க. தனி ஆளா கேட்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ரெண்டாவது, ஸ்வயம் - என்.பி.டி.இ.எல் ஆன்லைன் படிப்புகள். ஐ.ஐ.டி பேராசிரியர்களே பாடம் எடுக்கிறாங்க. சேர்வது இலவசம், தேர்வு எழுத மட்டும் கட்டணம். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் 30 எடுத்தால் சான்றிதழ் உண்டு. தேர்வை நேரில் மையத்துக்குப் போய் எழுதணும். பொதுவாக 12 வாரப் படிப்புக்கு 3 கிரெடிட். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவிகிதம் வரை ஸ்வயம் மூலம் படித்து கிரெடிட் பெற யு.ஜி.சி-யின் 2021 விதிமுறை இடம் கொடுக்குது. ஆனால், உங்க காலேஜ் எந்தப் படிப்பை ஏற்கும் என்பதை சேருவதற்கு முன்னாடியே எழுத்தில் கேட்டு வாங்கிடுங்க. படிச்சு முடிச்ச பிறகு 'இது கணக்கில் வராது' என்று சொன்னால் மொத்த உழைப்பும் வீண்.

ஃபார்மைத் திறக்கும் முன்...

* சிலபஸில் ஐந்து யூனிட்டையும் படிங்க. தலைப்பைப் பார்த்து ஏமாறாதீங்க. கவர்ச்சியான பெயருக்குள்ளே வெறும் தியரி இருக்கலாம்.

* முந்தைய ஆண்டு கேள்வித்தாள் ஒண்ணைப் புரட்டுங்க. எழுதும் பேப்பரா, கணக்குப் பேப்பரா என்பது தெரிஞ்சிடும்.

* கேட் தேர்வு, மேற்படிப்பு, வேலை என்று உங்க அடுத்த படிக்கு எது உதவும் என்று பாருங்க.

* சீனியரிடம் 'எது ஈஸி?' என்பதோடு, 'எந்த வகுப்பில் உண்மையிலேயே ஏதாவது கத்துக்கிட்டீங்க?' என்றும் கேளுங்க.

* பாடத்தை மாற்றிக்கொள்ள கடைசித் தேதி என்ன, அரியர் விழுந்தால் அதே பாடத்தைத்தான் எழுதணுமா, வேறு எலெக்டிவ் எடுக்கலாமா என்று உங்க ரெகுலேஷனில் பார்த்து வையுங்க.

இன்டர்வியூவில் மார்க்‌ஷீட்டைப் பார்த்து, 'இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீங்க?' என்று கேட்க வாய்ப்பு இருக்கு. கோர் பேப்பரைப் பற்றி அப்படி யாரும் கேட்க முடியாது; அது எல்லோருக்கும் பொது. எலெக்டிவ் உங்க சொந்த முடிவு. 'ஃப்ரெண்டு எடுத்தான், நானும் எடுத்தேன்' என்பதைவிட நல்ல பதில் ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்!