மணிமங்கலம் ஏரியும் பத்து சதவீதமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே கார் கம்பெனிகளும் ஷிப்ட் பஸ்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தப் பக்கம் போனவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். ஒரு தொழிற்சாலையின் மதில் முடிந்த கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரிக்கரை தெரியும். பழைய செங்கல்பட்டு ஜில்லா முழுக்கவே ஏரிகளின் பூமிதான். பாலாறு வருடத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். மழையைத் தேக்கினால்தான் சோறு.

2017 மார்ச்சில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இங்கேதான், படப்பைக்குப் பக்கத்தில் உள்ள மணிமங்கலத்தில். முதல் கட்டம் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். டெண்டர் கிடையாது. ஏரிப் பாசன விவசாயிகளின் சங்கமே வேலையை எடுத்துச் செய்யும். செலவில் 10 சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்க வேண்டும், மீதி அரசாங்கத்துடையது.

திட்டம் புதிது, பெயர் பழையது. (மராமத்து அரபு வழியாக வந்த சொல். குடி நம்முடையது.) பெயரை விடப் பழையது அந்த ஏற்பாடு. இதே வட்டாரத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்த ஓலைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். 6 பேர், பதவிக்காலம் 360 நாள்.

பணத்துக்கு என்ன வழி? இங்குதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 18-ஆம் நூற்றாண்டில் செங்கல்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்தது. அதன் கிராமக் கணக்குகளிலும், 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸின் அறிக்கையிலும் "மேரை" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். களத்தில் நெல்லை அடித்ததும், சர்க்காருக்கு இவ்வளவு, குடிக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்பே, கோயில், தச்சர், கொல்லர், வெட்டியான், ஏரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கை அளந்து எடுத்து வைத்துவிடுவார்கள். காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். லாபத்தைப் பங்கு போடுவதற்கு முன் பராமரிப்புக்கு ஒதுக்குவது மாதிரிதான் இது. ராஜாவின் வரியும் இதற்குப் பிறகுதான்.

பிளேஸ் ஏரிகளில் அக்கறை காட்டியவர்தான். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் "கலெக்டர் துரை" இவரே. ஆனால் கம்பெனியின் பொதுவான போக்கு வேறு. கிராமத்தின் பொதுப் பங்குகளும் மானியங்களும் மெல்ல மெல்ல வரிக் கணக்குக்குள் போயின. ரயத்துவாரி வந்தபோது சர்க்கார் ஒவ்வொரு குடியோடும் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொண்டது. பெரிய மராமத்து சர்க்கார் பொறுப்பு. கரையில் முள் வெட்டுவதும் வாய்க்கால் தூர்வாருவதும் ஊர் பொறுப்பு. ஒதுக்கி வைத்த நெல் போய்விட்டது, வேலை மட்டும் தங்கிவிட்டது! ஊர்க்காரர்கள் வரவில்லை என்றதும் 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வழக்கமான மராமத்துக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க அதில் இடம் உண்டு. அதற்குப் பிறகும் குடிமராமத்து தேய்ந்துகொண்டுதான் போனது.

மிரட்டாமல் பணம் கொடுத்துச் செய்ய வைத்த நாடும் உண்டு. 1930-களில் புழுதிப் புயல்களில் மண்ணை இழந்த அமெரிக்கா, 1935-இல் மண்வளத்துக்கென்று தனித் துறையே தொடங்கியது. 1985-இல் வந்த திட்டத்தின்படி, அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தைப் பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்த்தால் 10 முதல் 15 வருடம் அரசே வாடகை தரும். அங்கே நில உடைமையாளர் தன் நிலத்தைக் காப்பதற்குக் கூலி வாங்குகிறார். இங்கே விவசாயி ஊர்ச் சொத்தைக் காப்பதற்குத் தானும் பங்கு போடுகிறார். 2017-இல் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிற மாதிரி ஒன்று நடந்தது. ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு அனுமதித்தது. ஏரிக்கு ஆழம், வயலுக்கு உரம்.

ஒப்பந்தக்காரர்களே சங்கத்தின் பெயரில் வேலை எடுக்கிறார்கள் என்ற புகாரும் பல இடங்களில் எழுந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1990-களின் பிற்பகுதியில் வந்தது. ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் 2010-இல் உற்பத்தி தொடங்கியது. ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சைகள் பல இடங்களில் மனைகளாகவும் கிடங்குகளாகவும் ஆகிவிட்டன. பத்து சதவீதம் தர வேண்டிய ஆயக்கட்டுதாரர் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்? மடையைத் திறந்துவிட வயல் இல்லாதவர் எதற்காகக் கரைக்கு மண் சுமக்க வேண்டும்?

ஆனால் ஏரியின் உபயோகம் தீர்ந்துவிடவில்லை. சுற்றியுள்ள போர்வெல்களில் தண்ணீர் நிற்பது அதனால்தான். அடையாற்றின் தலைப்பக்கம் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் சேருவதால், அவை எவ்வளவு பிடித்து வைக்கின்றன என்பது 2015 டிசம்பரில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். தமிழ்நாட்டின் 2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டமோ ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களைத்தான் சங்க உறுப்பினர்களாக ஏற்கிறது. கம்பெனியும், அறை எடுத்துத் தங்கி போர்வெல் தண்ணீர் குடிக்கும் ஷிப்ட் தொழிலாளியும், முடிச்சூர்க்காரரும் அந்தக் கணக்கில் குடிகள் இல்லை. அவர்களிடம் மேரை அளக்க இதுவரை யாரும் மரக்கால் எடுக்கவில்லை.