கூட்டிசையின் பொதுமெட்டுகள்: அமெரிக்க மலைநாட்டு இசைமரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கே, அப்பலாச்சிய மலைத்தொடரை அண்டிய மாநிலங்களிலே வளர்ந்த நாட்டார் இசையும், அதனை அடியாகக் கொண்டு 1940களில் உருப்பெற்ற புளூகிராஸ் இசையும் மேடையில் மட்டும் வாழ்வன அல்ல. பிடில், பான்ஜோ, மண்டலின், கிற்றார் ஆகியவற்றை ஏந்தியோர் வட்டமாக அமர்ந்து, ஒத்திகையோ இசைக்குறிப்போ இன்றி வாசிக்கும் அமர்வுகளே அவற்றின் உயிர்நிலை எனலாம். 'ஜாம்' என வழங்கும் இவ்வமர்விலே முன்பின் அறியாத பத்துப்பேர் கூடி வாசிப்பதாயின் எல்லோரும் அறிந்த மெட்டுகள் சில இருத்தல் வேண்டும். 'சோல்ஜர்ஸ் ஜோய்', 'ஓல்ட் ஜோ கிளார்க்', 'கிரிப்பிள் கிறீக்', 'ஏஞ்சலின் த பேக்கர்', 'வைல்ட்வூட் பிளவர்' முதலியன அத்தகையவை. புதிதாக வருபவர் இவற்றைக் கற்றுக்கொண்டே வருதல் வேண்டும் என்பது அங்கே எழுதாச் சட்டம். இவற்றுட் பலவற்றை ஆக்கியவர் யாரெனக் கேட்டால் 'மரபுவழி வந்தது' என்ற விடையே கிடைக்கும். அம்மரபு யாருடையது, யார் கைவழி வந்தது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

முதலில் அமர்வின் நடைமுறையைச் சிறிது நோக்குதல் தகும். பெரும்பாலான பிடில் மெட்டுகள் இரு பகுதிகளைக் கொண்டவை. ஒவ்வொரு பகுதியும் இருமுறை வாசிக்கப்படும். துணையிசைக்கு மூன்று சுரக்கூட்டுகள் பெரும்பாலும் போதும். மெட்டைத் தெரிவுசெய்பவர் சுருதியைச் சொல்லித் தொடங்குவார். பழைய பாணியினர் எல்லோரும் ஒன்றாக மெட்டையே திரும்பத் திரும்ப வாசிப்பர். புளூகிராஸ் வாசிப்போர் ஜாஸ் கலைஞரைப்போல் ஒருவர்பின் ஒருவராக முன்னின்று தம் திறனைக் காட்டுவர். முடிக்குந் தருணம் வந்ததும் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கிச் சைகை காட்டுவார். கருவியில் ஓரளவு பயின்ற எவரும் உட்புகக்கூடிய இவ்வெளிமைதான் இம்மெட்டுகளைப் பொதுவாக்கியது என்பது உண்மையே. ஆயினும் ஆயிரக்கணக்கான மெட்டுகளுள் இவை மாத்திரம் ஏன் எஞ்சின என்பதற்கு எளிமை மட்டும் விடையாகாது.

'சோல்ஜர்ஸ் ஜோய்' 18ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தானியத் தீவுகளில் வழங்கிய நடன மெட்டு. 'லெதர் பிறிச்சஸ்' ஸ்கொத்லாந்து மெட்டொன்றின் வழிவந்தது. குடியேறியோருடன் கடல்கடந்து வந்த இத்தகைய மெட்டுகள் பல உள. ஆங்கில அறிஞர் செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை இம்மலைகளிலே பாடல் தேடி அலைந்தார். அவர் தேடியது பழைய இங்கிலாந்தை, கண்டதும் அதையே. அதே மலைகளில் ஒலித்த பான்ஜோவுக்கும் கறுப்பினப் பாடகர்க்கும் அவர் ஏட்டில் இடம் மிகக் குறைவு. பான்ஜோவின் முன்னோடிகளோ மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தவை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் கையிலேதான் அக்கருவி அமெரிக்க மண்ணில் உருவாயிற்று. பிடிலும் பான்ஜோவும் ஒன்றாய் ஒலிக்கும் ஓசை, ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் சந்தித்ததன் விளைவு. அதனை 'ஆங்கிலோ-சக்சன்' மரபெனப் பெயரிட்டமை சேகரிப்பாளரின் விருப்பமேயன்றி வரலாறன்று.

இச்சந்திப்பு எப்போதும் நேர்மையாக நிகழ்ந்ததென்றும் சொல்வதற்கில்லை. 1840களில் வெள்ளையர் முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தவரைப் போல நடித்த 'மின்ஸ்ரல்' ஆட்டங்கள் பெருவழக்காயின. இன்று மகிழ்ச்சியோடு வாசிக்கப்படும் 'ஏஞ்சலின் த பேக்கர்', அவ்வாட்டங்களுக்குப் பாட்டெழுதிய ஸ்ரீபன் பொஸ்ரர் 1850இல் வெளியிட்ட பாடலின் வழிவந்தது. மூலப் பாடல், அடிமையொருவன் தன் காதலியை இழந்து புலம்புவதாக அமைந்தது. சொற்கள் உதிர, மெட்டு மாறி, துயரத்தின் சுவடே இல்லாத நடன மெட்டாக அது எஞ்சியுள்ளது.

1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தலையிட்டதும் நிலைமை வேறாயிற்று. விற்பனையின் பொருட்டு அவை வெள்ளையரின் மலைநாட்டு இசையை ஒரு பட்டியலிலும் கறுப்பினத்தவரின் இசையை மற்றொரு பட்டியலிலும் பிரித்துவைத்தன. கறுப்பினத்தவரிடம் புளூஸ் பாடலையே அவை பெரிதும் எதிர்பார்த்தமையால், பிடிலும் பான்ஜோவும் வாசித்த கறுப்பினக் குழுக்கள் ஒருசிலவே பதிவுபெற்றன. 1927ஆம் ஆண்டு கோடையில் றால்ப் பியர், ரெனசி-வேர்ஜீனியா எல்லையிலுள்ள பிறிஸ்ரல் நகரில் நடத்திய ஒலிப்பதிவிலே கார்ற்றர் குடும்பத்தினர் அறிமுகமாயினர். அவர்கள் 1928இல் பதிவுசெய்த 'வைல்ட்வூட் பிளவர்' உண்மையில் 1860இல் அச்சில் வந்த ஒரு பாடலின் திரிபு. பாடல்தேடி ஊரூராய்ச் சென்ற ஏ. பி. கார்ற்றருடன் லெஸ்லி றிடில் என்னும் கறுப்பினக் கிற்றார்க் கலைஞர் உடன்சென்றார். கார்ற்றர் சொற்களை எழுத, மெட்டை நினைவில் நிறுத்தியவர் றிடில். பதிப்புரிமையோ கார்ற்றரின் பெயரில்.

புளூகிராசின் தந்தை எனப்படும் பில் மொன்றோவின் வரலாறும் இவ்வாறே சிந்திக்கத் தூண்டுவது. கென்ரக்கியில் 1911இல் பிறந்த அவர், தம் மாமன் பெண்டில்ரன் வாண்டிவரைப் பாட்டாலே புகழ்பெறச் செய்தார். இளமையில் தம்மை நடன விருந்துகளுக்கு அழைத்துச்சென்ற ஆர்னோல்ட் ஷுல்ற்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரையும் பின்னாளில் நன்றியுடன் குறிப்பிட்டார். எனினும் ஷுல்ற்ஸ் 1931இல் இறந்தபோது அவரது வாசிப்பு ஒரு தட்டிலேனும் பதிவாகியிருக்கவில்லை. 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்றுவிரற் பான்ஜோ வாசிப்புடன் மொன்றோவின் குழுவிற் சேர்ந்ததும், 1949இல் அவரது 'பொகி மவுண்டன் பிறேக்டவுன்' பதிவானதும் பலரும் அறிந்தவை. 1965இல் வேர்ஜீனியாவின் பின்காசில் என்னுமிடத்தில் நடந்த புளூகிராஸ் விழாவையும் அதன்பின் பெருகிய விழாக்களையும் அடுத்து, கூடாரங்களிடையே விடியும்வரை கூட்டிசை நடப்பது வழக்கமாயிற்று. பொதுப்பட்டியல் இறுகியது இங்கேதான். தட்டில் இருந்தது வட்டத்துக்கு வந்தது, தட்டில் இல்லாதது மறைந்தது.

'மரபுவழி' என்னுஞ் சொல் மெட்டை எல்லோர்க்கும் உரியதாக்குகிறது. ஆனால் உயிரோடிருக்கும் ஆக்கியோனை இல்லாதவராக்கவும் அதனால் முடியும். வட கரோலினாவிற் பிறந்த எலிசபெத் கொற்றன் சிறுமியாயிருந்தபோதே 'பிறெயிற் ரெயின்' என்ற பாடலை இயற்றினார். இடக்கையரான அவர் கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். வாழ்க்கைச் சுமை அவரைப் பல்லாண்டுகள் இசையிலிருந்து விலக்கியது. கடையொன்றில் வழிதவறிய சிறுமியைத் தாயிடம் சேர்ப்பித்தமையால் சீகர் குடும்பத்தில் வீட்டுப் பணியாளரானார். அங்கே அவரது ஆற்றல் வெளிப்பட்டது. அச்சிறுமியாகிய பெகி சீகர் வளர்ந்து 1950களில் இங்கிலாந்து சென்று அப்பாடலைப் பாடினார். அங்கே வேறிருவர் அதனைத் தம் பெயரிற் பதிவுசெய்துகொள்ள, 1957இல் அது பெருவெற்றி ஈட்டியது. சீகர் குடும்பத்தினரின் முயற்சியாற் பின்னரே கொற்றனின் உரிமை ஏற்கப்பட்டது. அறுபது வயதுக்குப்பின் மேடையேறிய அவர் 1985இல் கிராமி விருது பெற்றார். பெயரறியா நாட்டார் பாடலென்று கருதப்பட்டதன் ஆக்கியோள் சமையலறையில் இருந்தாள் என்பது நாட்டாரியல் பயில்வோர் மறத்தற்கரிய செய்தி.

சேகரிப்பாளர் அனைவரும் பெயரை அழித்தவரல்லர். 1966இல் பட்டப்பின்படிப்பு மாணவராயிருந்த அலன் ஜபூர், வேர்ஜீனியாவின் கிளென் லின் ஊரில் ஹென்றி றீட் என்னும் முதியவரைச் சந்தித்து அவரது பிடில் மெட்டுகளை ஒலிநாடாவிற் பதிந்தார். றீட் 1968இல் மறைந்தார். 'ஓவர் த வோற்றர்போல்' முதலிய அவரது மெட்டுகள் ஜபூரின் குழு வாயிலாகப் பரவி, இன்று பழைய பாணி அமர்வுகள் எங்கும் ஒலிக்கின்றன. நூற்றாண்டுகளாக எல்லோரும் வாசித்ததுபோல் தோன்றும் ஒரு மெட்டு, ஒரே முதியவரின் ஒரு பிற்பகலிலிருந்து வந்திருக்கக்கூடும்.

வட கரோலினாவின் மெபனைச் சேர்ந்த ஜோ தொம்சன் இவ்வகையில் இன்னும் முக்கியமானவர். கறுப்பினப் பிடில் மரபைக் குடும்பவழியாகப் பெற்று, இருநிறத்தார் வீட்டு நடனங்களிலும் வாசித்தவர் அவர். 2005இல் ரியானன் கிடன்ஸ், டொம் பிளெமன்ஸ், ஜஸ்ரின் றொபின்சன் ஆகிய மூன்று இளைஞர் அவர் வீட்டுக்குச் சென்று அருகிருந்து கற்றனர். கரோலினா சொக்லேற் ட்ரொப்ஸ் என்ற பெயரிற் குழுவமைத்தனர். தொம்சன் 2012இல் காலமானார். அவரிடம் கற்ற 'ஜோர்ஜியா பக்' போன்ற மெட்டுகளை அவர்கள் அவர் பெயரைச் சொல்லியே மேடையில் வாசித்தனர்.