எச்.ஐ.வி. தொற்றில் டி உயிரணுக்கள்: தமிழ்நாட்டு வரலாறு

எச்.ஐ.வி. தொற்றின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பவை டி உயிரணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் ஆகும். இவற்றுள் சி.டி.4 அணுக்கள் பிற எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றன, சி.டி.8 அணுக்கள் தொற்றுக்குள்ளான அணுக்களை இனங்கண்டு கொல்கின்றன. எச்.ஐ.வி. குறிவைப்பது சி.டி.4 அணுக்களை. தூண்டுபவை குறையக் குறைய, கொல்லும் அணுக்களும் வலுவிழக்கின்றன.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் 6 மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஜே லெவியின் குழு, சி.டி.8 அணுக்கள் வைரசின் பெருக்கத்தை அடக்குவதை ஆய்வகத்தில் காட்டியது. 1999இல் குரங்குகளில் இது உறுதியானது. சி.டி.8 அணுக்களை நீக்கியதும் எச்.ஐ.வி.யை ஒத்த வைரஸ் பெருகியது. அணுக்கள் மீண்டதும் அடங்கியது. மனிதரில் மிகச் சிலருக்கு, குறிப்பாக எச்.எல்.ஏ. பி57 மரபணு வகை உள்ளோர் சிலருக்கு, மருந்தின்றியே வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது.

மற்றவர்களுக்குக் கூட்டு மருந்துதான் வழி. அரசின் இலவச சிகிச்சை 2004 ஏப்ரல் 1இல் தொடங்கியது. தொடக்க மையங்களுள் ஒன்று தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து அது ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவு. தூரம் மட்டுமா தடை? கடுமையான அறிகுறி இல்லாதவருக்கு, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கினால்தான் மருந்து. நலமானவரிடம் இது பொதுவாக 500க்கு மேல் இருக்கும். 260 என்று வந்தவர் திரும்பிப் போய், அணுக்கள் மேலும் அழியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்தும் பணமும் குறைவாக இருந்த காலத்தின் கணக்கு அது. மருத்துவ நோக்கில் நியாயப்படுத்துவது கடினம்.

பின்னர் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கூட்டு மருந்து சிகிச்சை மையம் அமைந்தது. வரம்பும் 350 ஆகவும், 500 ஆகவும் உயர்ந்தது. எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கும் சிகிச்சை கடும் நோய்களையும் இறப்பையும் குறைப்பதை 2015இல் ஒரு பன்னாட்டு ஆய்வு நிறுவியது. 2017இல் இந்தியா வரம்பையே நீக்கியது. இப்போது தொற்று உறுதியான எவருக்கும் மருந்து உண்டு, சி.டி.4 சோதனை, வந்தவரின் எதிர்ப்புத் திறன் எவ்வளவு சிதைந்துள்ளது என்றறியவே முதன்மையாகப் பயன்படுகிறது.