ஞாயிற்றொளியும் மார்பகப் புற்றுநோயும்

மருத்துவ அறிவைத் தமிழில் எடுத்துரைத்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியராகிய டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடமையாது, மேனாட்டு வைத்தியத்தை மாணவர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தவை. அவ்வழி நின்று, நம் காலத்து ஆராய்ச்சியொன்றன் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

ஐரோப்பாவிலே தொழிற்சாலைப் புகை மண்டிய நகரங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர்க்கு எலும்பு மெலிந்து கால் வளைந்தது. மீனெண்ணெய் அந்நோயைத் தடுக்குமென்பதை எட்வேர்ட் மெலன்பி 1919 இல் நாய்க்குட்டிகளைக் கொண்டு காட்டினார். அதற்குக் காரணமான பொருளை 1922 இல் மக்கொலம் என்பார் வேறுபடுத்தியறிந்தார். அதுவே விற்றமின் டி. ஞாயிற்றின் புறவூதாக் கதிர் தோலிற் படுங்கால் நம் உடலே அதனை ஆக்கிக்கொள்ளும்.

ஆயினும் விற்றமின் உடலில் இருந்தாற் போதாது. கலத்தினுள்ளே அதனை ஏற்றுத் தொழிற்படுத்தும் ஒரு புரதம் வேண்டும். இதனை வாங்கி என்பர். மனித வாங்கியின் அமைப்பு 1988 இல் அறியப்பட்டது. அதனை ஆக்கும் பரம்பரையலகு பன்னிரண்டாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அஃது எல்லார்க்கும் ஒரே வகையாய் அமைவதில்லை. ஓரிடத்தில் நேரும் சிறு மாற்றத்தால், சிலரிடம் 427 அமினோ அமிலங்கள் கொண்ட புரதமும், வேறு சிலரிடம் 424 கொண்ட புரதமும் உண்டாகின்றன.

வெயில் குறைந்த மாநிலங்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்போர் மிகுதியென அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1990 இல் எழுதினர். அப்படியாயின் வாங்கியின் வேறுபாடும் இந்நோய்க்கு ஏதுவாகுமோ என்ற வினா எழுந்தது. பல நாடுகளில் ஆராய்ந்தனர். சில ஆய்வுகள் சிறு தொடர்பு உண்டென்றன; வேறு சில இல்லையென்றன. 1994 இலும் 1995 இலும் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. என்னும் இரு பரம்பரையலகுகளின் பழுது நோயபாயத்தைப் பெரிதும் கூட்டுவது போன்ற வலிமை இதற்கில்லை. 2018 இல் வெளியான பேராய்வில், இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, விற்றமின் டி உட்கொண்டவர்க்குப் புற்றுநோய் குறைவாக வந்ததெனக் காட்ட முடியவில்லை.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் குடாநாட்டில், "எமக்கு இது வராது" என்றிருத்தல் தகாது. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. மற்றொரு பக்கம், "பரம்பரை நோய்" என்னும் சொல்லுக்கு அஞ்சி, மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று, மார்பிற் கண்ட கட்டியை மறைக்கும் தாய்மார் நம்மிடையே உளர். உண்மையில் இந்நோயுற்றோரிற் பத்தில் ஒரு பங்கினர்க்கு மேல் பரம்பரைப் பழுதால் நோயுறுவதில்லை. ஏனையோரின் நோய்க்கு அத்தகைய பழுது காரணமன்று. பழுது உள்ள குடும்பமாயினும், அறிந்தால் முன்னரே காக்கலாம், மறைத்தால் காக்கவியலாது.

2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பொருளைக் கொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை அமைக்கப்பட்டது. முன்னர் மகரகமைக்குச் செல்ல வேண்டியிருந்தோர் பலர்க்கு அது பேருதவி. கட்டியோ, தோற்சுருக்கமோ, காம்பில் மாற்றமோ கண்ட பெண் நாட்கடத்தாது வைத்தியரை நாடுக. வீட்டிலுள்ள ஆடவர் அவளுக்குத் துணையாய்ச் செல்க.